மூன்று அங்குலம் தூக்கினேன், ஒரு முக்காலியும் வாங்கினேன்

அப்பாவுக்கு மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் ஐந்து ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) இருக்கிறது. அவர் இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றுதான் சொல்வார். போர்டில் பெயரை மாற்றினால் என் வாயில் மாறிடுமா என்பார். பெரிய சாலையிலிருந்து தோட்டத்துக்குள் போக முக்கால் கிலோமீட்டர் செம்மண் தடம். குலை ஏற்ற வரும் லோரிகள் அதை இரண்டு வாய்க்காலாக உழுது வைத்திருக்கும், நடுவில் வரப்பு மாதிரி மண் மேடாக நிற்கும். போன தீபாவளிக்கு முந்தின வாரம், நல்ல மழைக்குப் பிறகு, என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பை அதில் விட்டேன். பாதி வழியில் அடியில் கர்ர்ர் என்று ஒரு சத்தம். வண்டி நிற்கவில்லை, ஆனால் என் வயிற்றில் ஏதோ இழுத்த மாதிரி இருந்தது. வெளியே வந்து பார்த்தால் இடப்பக்கப் படி வளைந்து, அதில் ஒரு கொத்துப் புல் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த வண்டியைத் தூக்க வேண்டும், அதாவது சஸ்பென்ஷனை மாற்றி உயரத்தைக் கூட்ட வேண்டும் என்று. முழு உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அந்தச் சத்தம் எனக்கு ஒரு சாக்குதான். செலாயாங்கில் நாங்கள் வழக்கமாக உட்காரும் மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு வெளியே நண்பர்களின் வண்டிகள் எல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். நடுவில் என்னுடைய 2017 ஹைலக்ஸ் மட்டும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி குனிந்து நிற்கும். ரொம்ப நாளாகவே கண்ணை உறுத்திக்கொண்டிருந்த விஷயம் அது.

என் வண்டி வாரத்தில் எப்படி ஓடுகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை செலாயாங்கிலிருந்து ஷா ஆலாம், திரும்பி செலாயாங். சனிக்கிழமை அம்மாவை மருத்துவமனைக்கோ பத்துமலைக்கோ கூட்டிப் போவது. ஞாயிறு மட்டும் லாதார் நெடுஞ்சாலை வழியாகத் தோட்டம். கணக்குப் போட்டால் நூறு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர்கூட மண்ணில் ஓடுவதில்லை. அந்த இரண்டுக்காக மீதி தொண்ணூற்றெட்டைக் கெடுத்துக்கொண்டேன்.

நண்பன் ஒருவன், "மூணு இன்ச் போடு, அதுக்குக் கீழே போட்டா போட்ட மாதிரியே தெரியாது" என்றான். சுங்கை பூலோ பக்கத்தில் ஒரு பட்டறை சொன்னான். போனேன். அங்கே இருந்தவர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. முன்னால் ஸ்பேசர், பின்னால் பிளாக், கூலியோடு 950 வெள்ளி (ரிங்கிட்), மத்தியானத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்றார். முன் ஸ்பேசரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வடை கனத்துக்கு ஓர் இரும்பு வளையம், 35 மில்லிமீட்டர். இவ்வளவுதானா, மூன்று அங்குலம் எங்கே என்று கேட்டேன். போட்டால் இரண்டு மடங்கு தூக்கும் என்றார். அது உண்மைதான். ஹைலக்ஸில் முன் ஷாக் அப்சார்பர் கீழ் ஆர்மின் (சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் இரும்புக் கை) நடுவாக்கில் உட்கார்ந்திருக்கிறது, சக்கரம் ஆர்மின் கடைசியில் இருக்கிறது. ஷாக்கின் தலையில் 35 வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 70 ஆகிவிடும். பின்னால் அப்படியில்லை. பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே 50 மில்லிமீட்டர் பிளாக் வைத்தால் 50தான் ஏறும். ஸ்பேசரின் கனத்தைப் பார்த்து உயரத்தை மதிப்பிடாதீர்கள், சக்கரத்தில் எவ்வளவு ஏறும் என்று கேளுங்கள். நானாவது கேட்டேன். கேட்டுவிட்டுச் சந்தோஷப்பட்டதுதான் தப்பு.

முதல் வாரம் நான் தரையில் நடக்கவில்லை. மாமாக் கடையில் வண்டியை வேண்டுமென்றே விளக்குக் கம்பத்துக்குக் கீழே நிறுத்தினேன்.

சனிக்கிழமை அம்மா ஏற வந்தார். முழங்கால் வலி அவருக்கு. படியில் கால் வைக்க முயன்றார், எட்டவில்லை. கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏன்யா, நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். பதில் சொல்லாமல் சமையலறைக்குப் போய், தேங்காய் துருவ உட்காரும் பிளாஸ்டிக் முக்காலியை எடுத்து வந்து கீழே வைத்தேன். அன்றிலிருந்து வண்டிக்குள் ஒரு முக்காலி. வீட்டுக்கு வேறு ஒன்று 12 வெள்ளிக்கு வாங்க வேண்டியதாயிற்று. யாராவது வண்டி தூக்கப் போகிறேன் என்றால் நான் முதலில் கேட்பது, வீட்டில் வயதானவர்கள் யார் ஏறுவார்கள் என்பதைத்தான்.

அடுத்தது ஸ்டியரிங். லாதாரில் 110இல் போகும்போது வண்டி தானாக ஒரு பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. பக்கத்தில் ஒரு லோரி கடந்தால் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். வளைவு முடிந்த பிறகு ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்புவதும் குறைந்துபோனது. கெப்போங்கில் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்க்கக் கொடுத்தேன். 80 வெள்ளி. சரியாகவில்லை. மறுபடி 80. மூன்றாவது தடவை அங்கே வேலை பார்த்த பையன் தாளைக் காட்டி விளக்கினான். கேஸ்டர் என்பது சக்கரத்தின் திருப்பு அச்சு எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்பது. சைக்கிளின் முன் கவை சாய்ந்திருப்பது மாதிரி. அந்தச் சாய்வுதான் வண்டியை நேராக ஓட வைக்கிறது. முந்தைய வருடத் தாளில் எனக்கு இரண்டரை டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. இப்போது ஒரு பக்கம் 0.9, மறுபக்கம் 0.6. கீழ் ஆர்மில் இருக்கும் சரிசெய்யும் போல்ட்டை முடிந்தவரை திருப்பிவிட்டேன் அண்ணே, இதுக்கு மேலே போகாது, மேல் ஆர்மையே மாற்றினால்தான் உண்டு என்றான். அந்த மேல் ஆர்மின் விலை, நான் தூக்கக் கொடுத்த காசைவிட அதிகம். தூக்குவதற்கு முன்பே ஒரு அலைன்மென்ட் தாள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் பழைய தாள் தற்செயலாக டேஷ்போர்டில் கிடந்தது. இல்லாவிட்டால் எதை இழந்தேன் என்றே தெரிந்திருக்காது.

இரவில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் எனக்கு விளக்கைச் சிமிட்டினார்கள். முதலில் முன்னால் போலீஸ் நிற்கிறது என்று சொல்கிறார்கள் போலும் என்று நினைத்தேன். முன்பக்கம் பின்பக்கத்தைவிட 20 மில்லிமீட்டர் கூடுதலாக ஏறியதால் விளக்கு மூக்கைத் தூக்கிக்கொண்டது. வண்டியின் இரு அச்சுக்கும் இடைவெளி 3 மீட்டர் சொச்சம். அங்கே 20 மில்லிமீட்டர் என்றால், 25 மீட்டர் தள்ளி முக்கால் சாண் உயரம் கூடிவிடும். எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராக. இதற்குச் செலவே கிடையாது, விளக்கின் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பினால் போதும். வேலைக்குக் கொடுப்பதற்கு முன்னால் வீட்டுச் சுவரின் எதிரே வண்டியை நிறுத்தி, விளக்கின் வெளிச்சம் வெட்டும் கோட்டில் டேப் ஒட்டி வைத்தால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சத்தங்கள் தனிக்கதை. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இரண்டு வேகத்தடை. இறங்கும்போது முன்னாலிருந்து டொக். பின்னால், மேட்டில் வண்டியை எடுக்கும்போது ஒரு நடுக்கம், தரையே அதிர்வது போல. நடுக்கத்துக்கு ஒரு போமன் (மெக்கானிக்), எஞ்சின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரோப்பெல்லர் ஷாஃப்ட்டின் நடு பேரிங் போயிருக்கிறது என்று சொல்லி 320 வெள்ளிக்கு மாற்றினார். நடுக்கம் போகவில்லை. ஐந்தாவது மாதம் வண்டி கழுவும்போது முன் ரிம்மின் உட்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தது. முன் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டில் இருக்கும் சிவி ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தது. மறுபக்கத்திலும் வெடிப்பு. இரண்டும் சேர்த்து 380.

இத்தனைக்கும் பிறகு நான் எதற்காகத் தூக்கினேனோ அந்தத் தடம் இருக்கிறதே, அதில் போனேன். மழைக்கு மறுநாள். அதே இடம். கர்ர்ர்.

இறங்கி, சேற்றில் ஒரு பழைய உரச்சாக்கை விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன். படி தப்பித்திருந்தது, சேஸியில் ஒரு கீறல் இல்லை. உரசியிருந்தது பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி தொங்கும் டிஃப்ரன்ஷியல், அதாவது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. அதன் அடியில் மண் வழித்து எடுத்து, இரும்பு பளபளவென்று இருந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பின் அச்சு சக்கரத்தோடு ஒரே துண்டாக இருக்கிறது. ஸ்பிரிங்கைத் தூக்கினால் அதற்கு மேலே இருப்பதுதான் ஏறும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து உயர்த்த ஒரே வழி பெரிய டயர்தான். மூன்று அங்குலம் தூக்கியும் அந்தப் பூசணிக்காய் ஒரு நூல்கூட ஏறவில்லை. 950, மூன்று அலைன்மென்ட் 240, பேரிங் 320, சிவி 380, ஆக 1,890 வெள்ளி. ஆறு சனிக்கிழமைகள். சாக்கின் மேலே படுத்துக்கொண்டே கூட்டிப் பார்த்தேன். அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. தூரத்தில் அப்பா, "என்னடா அடியில தூங்குற?" என்றார்.

செந்தூலில் ஒரு வயதான போமன் இருக்கிறார் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். லோரி ஸ்பிரிங் வேலை பார்த்தே வளர்ந்தவர். போனதும் அவர் விலை சொல்லவில்லை, கேள்வி கேட்டார். பம்பர் இரும்பா, வின்ச் (வண்டியை இழுக்கும் கம்பி உருளை) இருக்கா, பின்னால் எப்போதும் என்ன கிடக்கும், குலை ஏற்றுவாயா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை? பிறகு தையல்காரர் மாதிரி டேப்பை எடுத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்தார். முன்னால் 57.5 சென்டிமீட்டர். பக்கத்தில் எண்ணெய் மாற்ற வந்திருந்த, கைவைக்காத இன்னொரு ஹைலக்ஸை அளந்தார். 50.5. "ஏழு சென்டி தூக்கிட்டு ஸ்பிரிங் அதே, ஷாக் அதே. குட்டிக்கு அப்பன் சட்டையைப் போட்ட மாதிரி" என்றார். சக்கரத்தைத் தொங்க விட்டு டார்ச் அடித்தார். மேல் ஆர்ம் போய் காயில் ஸ்பிரிங்கில் முட்டி, அந்த இடத்தில் பெயின்ட் போய் ஒரு வெள்ளி நாணயம் அளவுக்கு மின்னியது. டொக் என்ற சத்தத்தை ஐந்து மாதம் கழித்துக் கண்ணால் பார்த்தேன். பின்னால் நடுக்கத்துக்குக் காரணம் பிளாக். ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் அச்சு முறுக்கிக்கொள்ளப் பார்க்கும், பிளாக் வைத்தால் அதற்கு நெம்புகோல் நீளம் கூடுகிறது, லீஃப் வளைந்து கொடுக்கிறது, கூடவே ஷாஃப்ட்டின் கோணமும் மாறுகிறது. பேரிங் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

வண்டியை எடை போட்டு வா என்று அனுப்பினார். எங்கே போடுவது என்று விழித்தேன். "தோட்டக்காரன் மகன் கேக்குற கேள்வியா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை, அப்பா குலை போடும் ராம்ப்பில், அதாவது குலை வாங்கும் இடத்தில் கேட்டு, எடைமேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு தடவை, முழு வண்டியையும் ஏற்றி ஒரு தடவை. பின்பெட்டி மூடி, கருவிகள், நான், எல்லாம் சேர்த்து 2,080 கிலோ, முன்னால் மட்டும் 1,150. சும்மா போட்டுக் கொடுத்தார்கள், ஒரு பாக்கெட் முறுக்கு கொடுத்தேன். இந்த எண் கையில் இருந்ததால்தான் அடுத்த தப்பிலிருந்து தப்பித்தேன். எப்போதாவது 300 கிலோ குலை ஏற்றுகிறோமே என்று, 500 கிலோ நிரந்தரச் சுமைக்கான லீஃப் போடலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். காலியாக ஓடும்போது அது மாட்டு வண்டியாகிவிடும் என்றார் அவர். ஸ்பிரிங் விற்பவர்கள் ஒரே உயரத்துக்கு இரண்டு மூன்று கனத்தில் வைத்திருப்பார்கள். தினமும் இருக்கும் எடைக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், மாதத்தில் ஒரு நாள் ஏற்றும் எடைக்கு அல்ல. எனக்கு முன்னால் இரும்பு பம்பர் இல்லை, வின்ச் இல்லை. ஆகவே முன் காயிலும் மெல்லியதே போதும். அதே ஸ்பிரிங்கை வின்ச் வைத்த நண்பன் போட்டால் 40 ஏறும் இடத்தில் 20தான் ஏறும். தடித்ததை நான் போட்டால் 60 ஏறிவிடும், மறுபடி கேஸ்டர் போய்விடும். நண்பனுக்கு நன்றாக இருந்தது என்று அதே எண்ணை வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான்.

40 மில்லிமீட்டர் என்று முடிவானது. அந்த அளவில் கம்பெனி மேல் ஆர்மை வைத்துக்கொண்டே கேஸ்டரைச் சமாளிக்கலாம், சிவி கோணமும் தாங்கும், பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடாது. ஸ்பேசர், பிளாக் இரண்டும் கழற்றி வீசப்பட்டன. புதுக் காயில், அதற்கென்றே நீளம் பார்த்த ஷாக், பின்னால் முழு லீஃப் செட், லீஃபை அச்சோடு பிணைக்கும் புது யூ போல்ட், கூலி எல்லாம் 4,600 வெள்ளி. பிராண்ட் எது என்று பலர் கேட்கிறார்கள். ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன், டஃப் டாக் என்று ஆஸ்திரேலியச் சரக்கு கோலாலம்பூரில் தாராளமாகக் கிடைக்கிறது, தாய்லாந்துச் சரக்கும் உண்டு. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், உதிரி இங்கேயே கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் நான் பார்த்தேன். டயர் 265/65ஆர்17இலிருந்து 265/70ஆர்17, நான்கும் 2,480. விட்டம் 26 மில்லிமீட்டர் கூடியது, அதில் பாதி, 13, அந்தப் பூசணிக்காய்க்குக் கிடைத்தது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டினால் முன்பு ஓடியதைவிட மூன்று கிலோமீட்டர் கூடுதலாக ஓடும், கேமரா இருக்கும் இடங்களில் இதை மனதில் வைத்துக்கொள்கிறேன். டீசலும் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது.

பூட்டும்போது அவர் செய்த ஒரு காரியத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆர்ம்களின் போல்ட்டைக் கையளவுக்கு மட்டும் திருகிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, பம்பரில் ஏறி நாலு குதி குதித்து, அதற்குப் பிறகுதான் முழுதாக முறுக்கினார். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், தரையில் நின்றதும் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். முதல் பட்டறையில் எல்லாம் ஜாக்கி மேலேயே முடிந்தது. 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்க வர வேண்டும் என்று சுவர்க் காலண்டரில் என் வண்டி எண்ணை எழுதி வைத்தார். போனபோது ஒவ்வொரு நட்டும் கால் சுற்றுக்கு மேலே இறங்கியது. சக்கர நடுவிலிருந்து மட்கார்ட் வரை முதலில் அளந்தது 54.5, மூன்று மாதத்தில் ஸ்பிரிங் படிந்து 53.7 ஆனது. கேஸ்டர் இரண்டுக்குச் சற்று மேலே. லாதாரில் ஒரு கையால் ஓட்டுகிறேன். அம்மாவுக்குத் தெரியக் கூடாது.

ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா பற்றி. சஸ்பென்ஷனை மாற்றி உயரம் கூட்டுவது மாற்றியமைப்புக் கணக்கில் வரும், அனுமதி வாங்க வேண்டும். முதல் தடவை நான் எதுவும் வாங்கவில்லை, சாலைத் தடுப்பு தெரிந்தாலே வியர்த்துக்கொட்டும். இரண்டாவது தடவை வேலைக்கு முன்பே போய்க் கேட்டேன், ரசீது, பொருளின் விவரத்தாள் எல்லாம் ஒரு கோப்பில் போட்டேன், காப்புறுதி ஏஜென்டுக்கும் எழுதித் தெரிவித்தேன். விபத்து என்று வந்தால் அவர்கள் முதலில் தேடுவது சொல்லாமல் செய்ததைத்தான். நாளைக்கு வண்டியை விற்கப் போனாலும் வாகனப் பரிசோதனைக்கு நிறுத்தியாக வேண்டும். கழற்றிய பழைய ஸ்பிரிங், ஷாக் எல்லாவற்றையும் வீட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். மனைவி அவ்வப்போது அவற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

ஒரு மழைக்கு மறுநாள் மறுபடி தோட்டத்துக்குப் போனேன். ஜன்னலை இறக்கி, காதைத் தீட்டிக்கொண்டு மெதுவாக விட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அந்த இடத்தைத் தாண்டிய பிறகுதான் கவனித்தேன், நடு வரப்பே இல்லை. தடம் முழுக்கச் சமமாக, செங்கல் உடைசல் போட்டு மிதித்து இறுகிக் கிடந்தது. அப்பா கொட்டகை வாசலில் தே ஓ (பாலில்லாத தேநீர்) குடித்துக்கொண்டிருந்தார். "போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக்கு டிராக்டர் வந்துச்சு. நூத்தம்பது வெள்ளி கொடுத்து இழுக்கச் சொன்னேன்" என்றார்.